இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஊதாரிகள்

சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் காரணமானவர்களைக் கண்டுபிடித்தாயிற்று. மணலிக்குப் பக்கத்தில், சடையங்குப்பத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஊதாரித்தனத்தைக் கேளுங்கள். அடைமழையில் பூண்டி ஏரியின் மதகைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு அவர்கள் வாசற்படி ஏறி அடுப்படிவரை வந்துவிடுகிறது. 2015-லும் வந்தது, 2021-லும் வந்தது. ஏரியையே வீட்டுக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "குடிக்கத் தண்ணி இல்லைங்க" என்கிறார்கள். எவ்வளவு பேராசை பாருங்கள்!

இவர்களைத் திருத்துவதற்காகவே நகரத்தில் ஏ.சி. அரங்குகளில் கருத்தரங்குகள் நடக்கின்றன. முதல் உபதேசம்: குழாயைச் சொட்டவிடாதீர்கள், ஷவரை விட்டுவிட்டு வாளியில் குளியுங்கள். வட சென்னையில் பிளாஸ்டிக் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கிற அக்கா இதைக் கேட்டு நெகிழ்ந்துபோவார். ஷவரைத் தியாகம் செய்ய அவர் முதலில் ஒரு ஷவர் வாங்க வேண்டும். பிறகு அதில் தண்ணீர் வர வேண்டும்.

இரண்டாவது உபதேசம், கறி. ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,415 லிட்டர் தண்ணீர் செலவாகிறதாம். ஓர் ஆய்வு போட்ட உலகச் சராசரிக் கணக்கு அது. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் புல்லிலும் தீவனப் பயிரிலும் பெய்த மழை என்று அதே ஆய்வு சொல்வதை மேடையில் யாரும் வாசிப்பதில்லை. அதே பட்டியலில் ஒரு கிலோ வெண்ணெய்க்கு 5,553 லிட்டர் என்றும் இருக்கிறது. நெய் ரோஸ்ட்டைப் பிய்த்துக்கொண்டே பீஃப் பிரியாணிக்காரனிடம் கணக்குக் கேட்கிறவருக்கு அந்த வரி மட்டும் கண்ணில் படுவதில்லை. மாடு பால் கறக்கும்வரை கோமாதா; பால் வற்றி, ஏழையின் தட்டுக்கு வந்ததும் 15,415 லிட்டர்! தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று 2014-ன் அரசு கணக்கெடுப்பு சொன்னது. விசாரணை மட்டும் எப்போதும் குடிசைச் சட்டியிலிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றாவது உபதேசம், மானியம். "விவசாயிக்கு அள்ளிக் கொடுத்தே நாட்டைக் கெடுத்துவிட்டோம்." சரி, உர மானியப் பணம் போகிற வழியைப் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 242 ரூபாய், வரி தனி. உற்பத்திச் செலவின் மீதியை மத்திய அரசு தருகிறது. உரக்கடை மெஷினில் விரல் வைப்பது விவசாயி. 2018 முதல் அந்த ரேகையைக் காட்டித்தான் மானியம் உர நிறுவனத்தின் கணக்கில் ஏறுகிறது. 2022-23-ல் மட்டும் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி. அந்த உரத்தில் ஒரு பங்கு சடையங்குப்பத்துக்குப் பக்கத்திலேயே, மணலி ஆலையில் தயாராகிறது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை மணலி ஆலைகளுக்கும் நகரத்துக்கும் இறைத்து இறைத்தே கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாயின. பஞ்ச காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்து வயல்கிணறுகளிலிருந்தும் விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றிக் குடித்த நகரம்தான் இன்று ஏப்பம் விட்டுவிட்டு, "விவசாயி தண்ணீரை வீணடிக்கிறான்" என்கிறது.

சடையங்குப்பத்து வட்டாரத்துக்கு மானியத்தில் பங்கே இல்லை என்று சொன்னால் பாவம். கிடைக்கிறது, வாயுவாக. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. மீனவர்கள் அதை வாளியிலும் மக்கிலும் அள்ளினார்கள். "வாளியைப் பயன்படுத்துங்கள்" என்ற அறிவுரையை இந்த அளவுக்குக் கடைப்பிடித்த ஊர் வேறெங்கும் உண்டா?

மணலி மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதி என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009-ல் எழுதி வைத்தது. பத்து ஆண்டு கழித்து, கொடுங்கையூரில் கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் இந்த வட்டார ஆலைகளுக்குக் குழாயில் அனுப்பும் திட்டம் வந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆலைக்கு ஆர்.ஓ. தண்ணீரைக் குழாயில் கொண்டுபோகத் தெரிந்த அரசுக்கு, மனிதனுக்குக் கொண்டுபோக மட்டும் வழி தெரியவில்லையா? மனிதன் கேனில் வாங்கிக்கொள்வான் என்ற நினைப்புதானே?

தண்ணீர்க் கணக்குக் கேட்கிறவர்கள் ஆலை வாசலில் கேளுங்கள். உள்ளே எத்தனை லிட்டர் போனது, வெளியே என்ன வந்தது, மானியம் எவ்வளவு ஏறியது என்று ஊர் நடுவே பலகையில் எழுதி வையுங்கள். அதைச் செய்யாதவரை, சடையங்குப்பத்துக்காரன் தட்டில் என்ன கறி வெந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற யோக்கியதை இங்கே ஒருவருக்கும் கிடையாது.