விளியும் பாக்கியும்: திருக்கடையூர்க் கடிதங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: வியாபாரக் கடிதத்தை என்ன சொல்லித் தொடங்குவது? அற்ப விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஒருவரைக் கூப்பிடும் முறைக்கென்றே தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் 'விளிமரபு' என்று ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறார். பாக்கி வைத்தவரைக் கூப்பிடும் முறைதான் அதில் விடுபட்டுப் போயிற்று.

முன்னோர் நெறி: சோழர் ஆணைகள் பல 'கோனேரின்மைகொண்டான்' என்று தொடங்கும். தனக்கு நிகரான அரசன் இல்லை என்று அனுப்புநர் தம்மையே புகழ்ந்துகொள்வது. வரி கேட்பவருக்கு இது சரி. வாழை இலைக்குக் காசு கேட்பவருக்கு ஆகாது. தாத்தா காலத்தில் கடன் கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் 'மகாராஜராஜஸ்ரீ'. அதைச் சுருக்கி ம.ரா.ரா.ஸ்ரீ. 1967க்குப் பிறகு அரசுக் கடிதங்களில் 'ஸ்ரீ' இறங்கி, 'திரு' ஏறியது.

ஆய்வுக்களம்: திருக்கடையூர். 60க்கு மணிவிழா, 70க்குப் பீமரத சாந்தி, 80க்குச் சதாபிஷேகம். மார்க்கண்டேயனுக்காக எமனே உதை வாங்கிய தலமாதலால், இங்கே பேரன் எடுத்தவரும் மாப்பிள்ளைதான்.

சான்று: ஒரு சதாபிஷேகத்துக்குச் சமைத்தவர், நெய் ஒட்டிய விரலால் செல்போனைத் தள்ளித் தள்ளி, விழா நாயகரின் வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குத் தாம் அனுப்பியவற்றைக் காட்டினார். விழாவுக்கு முன்: "பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்கள் சமூகத்துக்கு." விழா முடிந்த வாரம்: "அன்புள்ள சார்." அடுத்த மாதம்: "சார்." அதற்கடுத்த மாதம் வெறும் கேள்விக்குறி. ஆக, பாக்கிக்கு வயது ஏற ஏற விளி தேய்கிறது. இதுவே இவ்வாய்வு கண்ட விதி.

விதிவிலக்கு: கடைசியில் மகனை விட்டுவிட்டு, 80 வயதுக்காரருக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கிறார்: "மாப்பிள்ளைக்கு நமஸ்காரம். அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலில் இனிப்பு சரியாக இருந்ததா?" பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலாம் நாள் முழுத்தொகையும் வந்துவிட்டது.

முடிவு: பெறுநர் ஆணா பெண்ணா, பெரியவரா சிறியவரா என்று தெரியாதபோது 'அன்புடையீர்' போதும்; யாருக்கும் மனத்தாங்கல் வராது. தெரிந்தவரென்றால், அவர் எப்படிக் கூப்பிட்டால் மகிழ்வாரோ அப்படிக் கூப்பிடுங்கள். இரண்டுக்கும் பொறுமை இல்லாதவர்கள் முழுப் பணத்தையும் அட்வான்ஸாகவே வாங்கிவிடுங்கள். அப்புறம் 'ஐயா' ஒன்றே தாராளம்.