பூசலார் போஸ்ட் போடவில்லை

திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. காஞ்சியில் கல்லால் கோயில் எழுப்பிய காடவர்கோனுக்குச் சிவபெருமானே கனவில் வந்து, அன்றைக்கு எனக்கு வேறிடத்தில் வேலை என்று தேதியை மாற்றச் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. லைக் ஒன்றுகூட இல்லாமல் இத்தனை ரீச்!

இன்று அதே ஊரில் ஒரு பெரியவருக்குப் பேத்தி பாடம் எடுக்கிறாள்.

“தாத்தா, இது ஸ்டேட்டஸ். 24 மணி நேரத்துல தானா போயிடும்.”

“போறதுக்கு எதுக்கும்மா போடணும்?”

பேத்தி அடுத்த பாடமான பேஸ்புக் ஃபீடுக்குத் தாவிவிட்டாள்.

2006 செப்டம்பரில் பேஸ்புக் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்தபோது அமெரிக்க மாணவர்கள் கொதித்தெழுந்து, பேஸ்புக்கிலேயே எதிர்ப்புக் குழு தொடங்கினார்கள். அந்தக் குழுவுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததும் நியூஸ் ஃபீடேதான். பிறகு கோபம் ஆறிப்போனது, ஃபீட் நிலைத்துவிட்டது.

தாத்தாவின் போன் இப்போது குட் மார்னிங் ரோஜாக்களால் மூச்சுமுட்டுகிறது. கூகுளின் இலவச 15 ஜிபியில் முக்கால்வாசி ரோஜாதான். ஃபீடோ தேதி வரிசையை மதிப்பதில்லை. ‘நாளை மின்சார ரயில் நேரம் மாற்றம்’ என்ற பதிவு, ரயிலைத் தவறவிட்ட மறுநாள் மேலே வந்து நின்றது.

தாத்தா அதற்கும் ஒரு லைக் போட்டார்.