நாற்காலி காலி இல்லை!

தென்காசி வாசகர்: ஐ.நா. பாதுகாப்பு சபையில் இந்தியாவுக்கு நிரந்தர இடம் எப்போது சார் கிடைக்கும்?

ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரும் கொஞ்சம் தள்ளி உட்கார மனசு வைக்கும்போது. 193 நாடுகள் உள்ள பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அப்புறம் அதே அளவு நாடுகள் அவரவர் ஊரில் முறைப்படி ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதலில் ஐவரில் ஒருவர் விடுபட்டாலும் கதை முடிந்தது. சீனா தவிர மற்ற நால்வரும் மேடையில் 'ஆதரவு' என்று சொல்லியாயிற்று. மேடைப் பேச்சு எப்போது கையெழுத்தானது? இதுவரை எட்டு முறை, இரண்டிரண்டு வருஷ வாடகைக்கு அங்கே குடியிருந்துவிட்டோம். சொந்த வீடுதான் அமையவில்லை.

கோவை வாசகி: சபையை விரிவாக்கியதே கிடையாதா?

ஒரே ஒரு முறை. 1965-இல் 11 இடம் 15 ஆனது. கூடிய நாலும் வாடகை வீடுதான்!

விருதுநகர் வாசகர்: அங்கேயும் உள்ளடி வேலை உண்டா?

ரகசிய வாக்கெடுப்பு என்றால் சும்மாவா? 2020-இல் அந்த இரண்டு வருஷ இடத்துக்கு இந்தியாவை எதிர்த்துப் போட்டியே இல்லை. கொரோனா காலம். மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒதுக்கிய நேரத்துக்கு வந்து, சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். 192 நாடுகள் வாக்களித்ததில் 184 நமக்கு. பாக்கி எட்டுப் பேர் யார்? அவர்களும் நம் தூதரைப் பார்த்துச் சிரித்துக் கைகூப்பியிருப்பார்கள்! 1996-இல் ஜப்பானோடு மோதியபோது நமக்கு விழுந்தது 40, அவர்களுக்கு 142. அதற்கு இது எவ்வளவோ தேவலை.

பிடிவாதம் பார்க்க வேண்டுமானால் 1979-க்குப் போங்கள். கியூபாவும் கொலம்பியாவும் ஒரே இடத்துக்கு மல்லுக்கட்டி, 154 சுற்று வாக்கெடுப்பு நடந்தும் முடிவு வரவில்லை. கடைசியில் இருவரும் ஒதுங்க, 155-ஆவது சுற்றில் மெக்சிகோ நோகாமல் நுழைந்தது.

கும்பகோணம் வாசகர்: பொதுச்செயலாளர் பதவிக்கு நம்மவர் நின்றாரே?

சசி தரூர், 2006. அதற்குப் பாதுகாப்பு சபையில் முன்னோட்ட வாக்கெடுப்பு வைப்பார்கள். கடைசிச் சுற்றில் ஐவருக்கு மட்டும் வேறு நிறச் சீட்டு. தரூருக்கு ஆதரவு 10, எதிர்ப்பு 3. பத்து நல்ல மார்க்தான். ஆனால் எதிர்ப்பு மூன்றில் ஒன்று அந்த நிறச் சீட்டு, அதாவது ஐவரில் ஒருவரே வேண்டாம் என்றுவிட்டார். தென்கொரியாவின் பான் கீ மூனுக்கோ ஆதரவு 14, எதிர்ப்பே இல்லை. தரூர் விலகிக்கொண்டார்.

சேலம் வாசகி: கிடைத்த இடத்தை வேண்டாம் என்ற புண்ணியவான் யாராவது உண்டா?

உண்டே! சவூதி அரேபியா. 2013 அக்டோபர் 17-இல் ஜெயித்தது. மறுநாளே 'இந்தச் சபை சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் எதைக் கிழித்தது?' என்ற தோரணையில் இடத்தை மறுத்துவிட்டது. பந்தியில் இலை போட்ட பிறகு கோபித்துக்கொண்டு எழுந்துபோகும் சம்பந்தி மாதிரி. டிசம்பரில் அதே இலையில் ஜோர்டான் உட்கார்ந்தது.