படியோலையும் பென்டிரைவும்

2025 அக்டோபர் 14 அன்று வின்டோஸ் 10 காலமானது. பிறந்தது 2015 ஜூலை 29. எங்கள் திருவெண்ணெய்நல்லூரில் இதற்காகக் கடையடைப்பு எதுவும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் என் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கணினியைப் போட்டேன். செத்துப்போனதாகச் சொல்லப்பட்டது எழுந்து உட்கார்ந்து, வயதுக்கேற்றபடி முனகி, நான் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்தில் திரையைக் காட்டியது. பட்டா வேண்டும் என்று வந்தவருக்குப் பட்டாவும் கொடுத்தது.

ஓய்வூதியக்காரர் நேரில் வந்து நின்றாலும், ஆயுள் சான்று கொடுக்கவில்லை என்றால் காகிதத்தில் அவர் இல்லாதவர்தான். வின்டோஸ் 10-இன் நிலைமையும் அதுவே. ஓடும், பேசும், பிரின்ட் கொடுக்கும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராது. புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வரமாட்டார்கள். வேண்டுமானால் 2026 அக்டோபர் 13 வரை ஆயுளை நீட்டித்துக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்தது. அதற்கு 30 டாலர் கட்டலாம், அல்லது அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளிகளில் 1,000 கொடுக்கலாம், அல்லது நம் கணினியின் செட்டிங்குகளை அவர்கள் கிடங்கில் ஏற்றி வைக்கலாம். பரிகாரத்திலேயே மூன்று வகை சொல்லும் ஜோசியரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, வின்டோஸ் 11-க்கே போய்விடலாம் என்றால் வாசலில் நிறுத்திக் குலம் கோத்திரம் கேட்கிறார்கள். டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். செக்யூர் பூட் வேண்டும். இன்டெல் புராசசராக இருந்தால், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும். அதாவது 2017-இலோ அதற்குப் பிறகோ வந்தது. என் கடையில் இருப்பது 4-ஆம் தலைமுறை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட இத்தனை தலைமுறை விசாரிப்பதில்லை. இதில் வேடிக்கை, 10-தான் வின்டோஸின் கடைசிப் பதிப்பு என்று மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே 2015-இல் ஒரு மாநாட்டு மேடையில் பேசினார். 2021-இல் 11 வந்துவிட்டது.

ஆனால் வின்டோஸை ஏற்றும்போது 'ஏற்கிறேன்' என்று சொடுக்கும் ஒப்பந்தத்தைப் பற்றிக் குறை சொல்ல எங்கள் ஊர்க்காரனுக்கு வாய் இல்லை. கல்யாணப் பந்தலுக்கே ஒப்பந்தத்தோடு போனவரின் ஊர் இது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். புத்தூரில் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிற நம்பி ஆரூரரிடம் ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வருகிறது. கிழவர் பதறவே இல்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை இதோ என்று எடுத்து நீட்டுகிறார். பாட்டனாரின் பழைய கையெழுத்தைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது. தீர்ப்பு கிழவர் பக்கம். உங்கள் வீடு எது என்று கேட்டபோது அவர் நுழைந்து மறைந்த இடம்தான் அருட்டுறைக் கோயில். எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம்.

பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு வழக்காட வந்த முதல் ஆள் சிவபெருமான்தான் என்று நாங்கள் மார்தட்டிக்கொள்ளலாம். என் கணினியின் கதையும் ஏறக்குறைய அதுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பக்கம் பக்கமாக வரும் ஒப்பந்தத்தின் அடியில் 'ஏற்கிறேன்' என்று சொடுக்கியது எனக்கு முன்னால் வைத்திருந்த ஆள். அவர் பாட்டனார், நான் பேரன். அதை முழுக்கப் படித்துவிட்டு ஏற்றுக்கொண்ட மனிதரை நான் சந்தித்ததில்லை. சந்தித்தால் அவரிடம் பத்திரம் எழுதக் கொடுப்பேன். திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் செய்க' என்று மங்கலாக எழுதியிருக்கும் கடைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. தொழில் தர்மம்.

மாற்று என்ன என்று யோசித்தேன். மேக் என்று ஆரம்பித்தார் ஒரு நண்பர். 2024 கடைசியில் மேக் மினி வந்தபோது இந்தியாவில் அதன் விலை 59,900 ரூபாய். அதில் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, மவுஸ் கிடையாது. 2 ரூபாய் ஜெராக்ஸ் 29,950 போட்டால் வாங்கிவிடலாம், பேப்பரும் டோனரும் மாமனார் வீட்டிலிருந்து வந்தால். நண்பருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்து, நம் வீட்டுப் பிள்ளை பாஸ். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட இந்திய லினக்ஸ் இயங்குதளம் அது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது வின்டோஸோடு இதையும் போட்டுக் கொடுத்தார்கள். கணினியைப் போட்டதும், எதற்குள் போகிறாய் என்று திரை கேட்கும். இந்தக் கேள்வியே பிடிக்காமல் பல பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள். "அண்ணே, அந்த இன்னொன்ன எடுத்துடுங்க, படம் ஏத்த எடம் பத்தல" என்பார்கள். கேரளத்தில் நடந்தது வேறு. அங்கே அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான்; பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அதில்தான். அங்கே பிள்ளைக்கு அதில் பழகாமல் மார்க் கிடையாது. இங்கே வாசலில் தேங்காய்ப்பழத்தோடு வரவேற்று, சோறு போடாமல் அனுப்பிவிட்டோம்.

என் அக்கா மகன் விழுப்புரத்தில் என்ஜினீயரிங் படிக்கிறான். அங்கே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு என்று இளைஞர்கள் நடத்தும் அமைப்பு ஒன்று உண்டு. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கணினி சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே போய்வந்த ஜோரில் ஒரு பென்டிரைவோடு கடைக்கு வந்தான்.

"மாமா, லினக்ஸ் மின்ட். இன்ஸ்டால் பண்ணவே வேணாம், பென்டிரைவுலருந்தே ஓட்டிப் பாரு. புடிக்கலன்னா புடுங்கிடலாம்."

"என் ஃபைல் எதுவும் போயிடாதே?"

"நீ இன்ஸ்டால்னு அமுக்காத வரைக்கும் போவாது."

மவுஸ் மேல் இருந்த விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மின்ட் வந்தது. அதே கிழட்டுக் கணினியில், 4 ஜிபி ராமில், கோபித்துக்கொள்ளாமல் வந்தது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பிரவுசரில் ஓடுகிற சங்கதி. எந்தச் சிஸ்டம் என்று அவை கேட்கவில்லை. 2024-இல் வந்த 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு, காசு இல்லை, தலைமுறை விசாரணையும் இல்லை. என்னைவிட மகிழ்ந்தது எங்கள் ஆப்பரேட்டர் தங்கச்சி. தட்டச்சு நிலையத்தில் படித்துத் தமிழ் ஹையர் பாஸ் செய்தவள். தமிழ்99 தெரியாது, ஆங்கிலத்தில் அம்மா என்று அடித்துத் தமிழ் வரவைப்பதைக் கண்டால் பிடிக்காது. லினக்ஸின் எம்17என் தொகுப்பில் பழைய தட்டச்சுப் பலகை அமைப்பே தனியாக இருக்கிறது. விரலைப் பார்க்காமல் ஒரு பக்கம் அடித்துவிட்டு, "இது நல்லா இருக்குண்ணே" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பிரின்டர். தமிழ்நாட்டு ஜெராக்ஸ் கடைகளில் மேசைக்கு மேசை உட்கார்ந்திருக்குமே, ஒரு சின்ன வெள்ளை லேசர் பிரின்டர். கம்பெனிப் பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை உழைக்கும். ஆனால் லினக்ஸோடு பேசச் சொன்னால் பங்காளி வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் மாதிரி உம்மென்று இருக்கும். யாரோ புண்ணியவான்கள் அதன் பாஷையை ஒட்டுக்கேட்டு டிரைவர் எழுதி இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அக்கா மகன் கறுப்புத் திரையைத் திறந்து வெள்ளை எழுத்தில் மந்திரம் மந்திரமாக அடித்தான். கடைக்கு வந்த ஒரு பெரியவர், "தம்பி பேங்க்ல கைவெக்குதா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாள் வந்தது. கைரேகைக் கருவி கடைசிவரை வழிக்கு வரவில்லை. டேலி வைத்துக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இதே கதிதான். அது வின்டோஸுக்கு எழுதப்பட்ட மென்பொருள்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது திரௌபதி அம்மன்.

எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில், தீமிதித் திருவிழா. அதற்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும். பாரதச் சொற்பொழிவு யார், தெருக்கூத்து எந்த ஜமா, எந்த நாள் யார் உபயம் என்று தலைமுதல் கால்வரை பெயர்கள். தர்மகர்த்தா வருவார். "போன வருசத்து நோட்டீஸையே போடுப்பா. தேதிய மாத்து, செத்தவங்கள எடுத்துட்டு மகன் பேரப் போடு" என்பார். போன வருஷத்து நோட்டீஸ் அதற்கு முந்தைய வருஷத்ததிலிருந்து வந்தது, அது அதற்கும் முந்தையதிலிருந்து. ஆதி மூலம் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதற்குப் பிறகு பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. அதற்கு யுனிகோடு தெரியாது, தெரிந்துகொள்ளப் போவதுமில்லை. எனவே தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்காரவைத்த பழைய எழுத்துருக்களில்தான் வேலை. பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று காட்சி தரும். பாமினியாவது பரவாயில்லை, ஊரறிந்த எழுத்துரு. கம்பெனிக்குக் கம்பெனி அவரவர் இஷ்டத்துக்கு எழுத்தை எங்கெங்கோ உட்காரவைத்ததால், 1999-இல் தமிழக அரசு தாம், தாப் என்று தரம் வகுத்தது. 2010-இல் யுனிகோடுக்கு வந்தது. அரசாங்கம் வந்த இடத்துக்குக் கல்யாணப் பத்திரிகை இன்னும் வரவில்லை. லினக்ஸில் வின்டோஸ் மென்பொருளை ஓடவைக்கும் வைன் வழியாகப் பேஜ்மேக்கரை ஓட்டுகிறவர்கள் உண்டு என்றான் அக்கா மகன். முகூர்த்த மாதத்தில் மணமகளின் தகப்பனார் பெயரை வைத்து அந்தச் சோதனை செய்ய எனக்குத் துணிவு வரவில்லை.

இங்கேதான் எங்கள் ஊர்க் கதை தலைகீழாகிறது. அன்றைக்கு ஆண்டவர் மூல ஓலையோடு வந்து, வா என்று அடிமையை இழுத்தார். பேஜ்மேக்கர் விஷயத்தில் ஆண்டவர் எப்போதோ ஓலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அடிமைகள்தான் அதைப் பொறுக்கி, பசை தடவி ஒட்டி, பழைய எக்ஸ்பி சிடியோடு பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, எஜமான் கொடுமைக்காரன் என்று டீக்கடையில் புலம்புகிறோம். வின்டோஸை ஒரு மத்தியானத்தில் கழற்றிவிடலாம். என்னைக் கட்டிப்போட்டிருப்பது வின்டோஸ் அல்ல, போன வருஷத்து நோட்டீஸ்.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டுமில்லை என்பதில் ஒரு அற்ப சந்தோஷம். ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி வருஷக்கணக்கில் பாடுபட்டு 2013-இல் லினக்ஸுக்கு மாறி முடித்தது. 2017-இல் மறுபடி வின்டோஸுக்கே போவதென்று தீர்மானம் போட்டது. வின்டோஸ் பக்கமும் நிம்மதி இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் வின்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் சார்பதிவாளர் அலுவலக வாசல் பத்திர எழுத்தர்களை அன்றைக்கு மீனம்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தால், நாற்புற எல்லையோடு எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

கடையில் இப்போது ஏற்பாடு இப்படி. நெட் வேலைக்கான கணினியில் மின்ட். கைரேகைக்கும் டேலிக்கும் வருகிறவர்களைப் பக்கத்துக் கடைக்காரரிடம் அனுப்பிவிடுகிறேன். அவர் எனக்குப் பத்திரிகை வேலையை அனுப்புகிறார். இன்னொரு பழைய கணினியில் வின்டோஸ், பேஜ்மேக்கர், எழுத்துருக்கள் மட்டும். அதன் நெட் ஒயரைப் பிடுங்கியாயிற்று. வெளியுலகமே தெரியாததால் அப்டேட் வராததைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் அரசூரில் நெடுஞ்சாலையையே மூழ்கடித்ததைப் பார்த்தபின் ஹார்டு டிஸ்கை நம்புவதில்லை. படியோலைகள் அக்கா வீட்டுப் பரணில் ஒரு பென்டிரைவில் இருக்கின்றன. நோட்டீஸ்களை ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றி லிப்ரே ஆஃபிஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். எல்லாம் மாறிய பிறகுதான் அந்தப் பழைய கணினிக்கு விடுதலை.

உங்கள் ஊர்க் கோயில் நோட்டீஸ், சங்கத்து உறுப்பினர் பட்டியல், தாத்தா எழுதிய புத்தகம் எதுவாக இருந்தாலும், டிடிபி கடையில் கிடக்கும் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த எழுத்துரு என்று பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் மாற்றுவது பெரும்பாடு. பொங்குதமிழ் மாற்றி, என்.எச்.எம். கன்வர்ட்டர் இரண்டும் இலவசம்தான். மாற்றியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். என்னிடமே கொண்டுவருவதாக இருந்தால் தை பிறப்பதற்குள் வாருங்கள். பிறந்துவிட்டால் முகூர்த்தம், பிறகு திருவிழா. ஆடி வரைக்கும் எனக்கு நேரமிருக்காது.