தேடாமல் கிடைத்த புத்தகம்

கேள்வி: தேடி வாங்கும் புத்தகத்தைவிடத் தற்செயலாகக் கையில் சிக்கும் புத்தகம் ஏன் அதிகம் இனிக்கிறது?

பதில்: பெண் பார்க்கப் போகாமலே கல்யாணம் கூடிவந்த மாதிரி அல்லவா அது! 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை மரியாதைக்காகப் பார்க்கப் போனார் உ.வே.சாமிநாதையர். கல்லூரித் தமிழாசிரியர். படித்த நூல்களையெல்லாம் அடுக்கினார்: அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா... முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. (இல்லையென்று ஒப்புக்கொண்டாரே, அங்கேதான் அவர் பெரிய வாசகர்!) முதலியார் ஒரு கையெழுத்துப் பிரதியைப் படிக்கக் கொடுத்தார். இரவல் வாங்கிய அந்தப் பிரதி ஐயரை ஊர் ஊராக ஏடு தேட வைத்தது. 1887-ல் சிந்தாமணி அச்சேறியது. 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு!