பார்க்காத படத்தின் கதை

2002-இல் 'ஸ்பைடர்மேன்' வந்தபோது எங்கள் வகுப்பில் முதலில் கதை சொன்னவன் நான்தான். படத்தை நான் பார்த்திருக்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

போஸ்டரைப் பார்த்திருந்தேன். மிச்சத்துக்குச் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி இருந்தது. எங்கள் சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே சிவகாசி. 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் கிளம்பிய ஊர். தறிக் கூலியில் பாதியைச் சித்தப்பா அந்த ஊருக்குத்தான் கொடுத்தார். பெட்டிக்குள் லயனின் ஸ்பைடர் இருந்தான்: கூர்க்காது, வலைத் துப்பாக்கி, ஹெலிகார். பிரிட்டிஷ் காமிக்ஸிலிருந்து வந்த குற்றச் சக்கரவர்த்தி அவன். அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கு அவன் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. எனக்கு அது தெரியாது. மதிய இடைவேளையில், ஆளுக்கொரு கடலைமிட்டாய் கட்டணத்தில், ஸ்பைடர்மேனை ஹெலிகாரில் ஏற்றி நியூயார்க் மேல் பறக்கவிட்டேன்.

ஒருவன் திருநெல்வேலிக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தான்.

"ஏலே, துப்பாக்கியே கிடையாதுலே. மணிக்கட்டுல இருந்துல்லா நூல் வருது!"

"நீ பாத்தது தமிழ்ல பேசுத படம். இங்கிலீஷ்ல துப்பாக்கி உண்டு" என்றேன். மிட்டாயைத் திருப்பிக் கேட்டார்கள். எப்படிக் கொடுப்பது? தின்றாயிற்று.

பிறகு டிவியில் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்துப் பரிகாரம் தேடினேன். வளர்ந்த பின், இப்படிப் படங்களை நாவலாகவும் எழுதுவார்கள் என்று தெரிந்தபோது புத்தி கெட்டது. பழைய புத்தகக் கடையில் முதலில் கிடைத்தது எலியட் மாகின் 1978-இல் எழுதிய சூப்பர்மேன் நாவல். அட்டையில் படத்து நாயகன் கிறிஸ்டோபர் ரீவ். உள்ளே படத்தின் கதையே இல்லை, முழுக்க வேறு கதை. ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்தேன். போஸ்டரைக் காட்டி வேறு கதை விற்றவன் கொதித்த கொதிப்பு அது.

அடுத்தது பீட்டர் டேவிட் எழுதிய 'ஸ்பைடர்மேன்'. "இங்கிலீஷ் நாவல் படிக்கிறேன்" என்று வீட்டில் சொல்லி வைத்தேன். மனைவி அட்டையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மகனிடம், "அப்பா படிச்சு முடிச்சதும் உனக்குத் தருவா" என்றாள். ஒரு மாதத்தில் இருபது பக்கம். அதிலும் பாத்திரங்கள் எல்லாரும் என் காதில் டப்பிங் தமிழில்தான் பேசினார்கள். படத்திலிருந்து கதை விலகிய இடங்களில் ஓரத்தில் பென்சிலால் 'தப்பு' என்று எழுதிக்கொண்டே போனேன்.

பிறகுதான் தெரிந்தது: படம் வெளியாகும்போது புத்தகமும் கடையில் இருக்கவேண்டும் என்பதால், இந்த வகை நாவல்களைப் பெரும்பாலும் படம் முடிவதற்கு முன்பே, திரைக்கதையை மட்டும் வைத்துக்கொண்டு எழுதிவிடுவார்களாம். படத்தைப் பார்க்காமல் கதை சொல்வதற்குச் சம்பளமே உண்டு! பென்சிலைக் கீழே வைத்தேன்.

சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்கள் போட்ட சண்டைக்கு எங்கள் ஊரில் கிடைத்த தீர்ப்பு சங்கரநாராயணர். வலப்பாதி சிவன், இடப்பாதி பெருமாள். என் ஸ்பைடர்மேனையும் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு மணிக்கட்டில் நூல், மறுகையில் வலைத் துப்பாக்கி. புத்தகத்தில் இருபதாம் பக்கத்தில், கோயில் புற்றுமண் மடித்து வந்த தாள் அடையாளமாகக் கிடக்கிறது.

மிட்டாய்க் கடன் இன்னும் பாக்கி.