மாப்பிள்ளை கப்பல் விடுதாரு

மாப்ளே, படகு வாங்கிட்டியளாமே! நாப்பதடி நீளம், ரெண்டு பாய், உள்ளயே அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் இருக்குன்னு மக போன்ல சொன்னா. இங்கிலாந்துல வீட்டைப் பூட்டிட்டு, ஃபால்மவுத்ல பாய் விரிச்சு, கானரித் தீவுல இளைப்பாறி, அட்லாண்டிக்கைத் தாண்டி கரீபியன் போறியளாம். நல்லது. தூத்துக்குடித் தோணியில வெங்காயம் ஏத்திக்கிட்டு கொழும்புக்குப் போய் வந்த கிழவன் நான், எனக்கென்ன தெரியும்? ஆனாலும் பொண்ணைக் கொடுத்தவன்லா, நாலு வார்த்தை சொல்லிக்கிடுதேன்.

ஏற்பாட்டுல குறை சொல்ல முடியாது. நீங்க எழுதி வச்ச நோட்டை மக படம் பிடிச்சு அனுப்பினா. நவம்பர் கடைசியிலதான் கானரியை விட்டுக் கிளம்புதிய. சூறாவளிக் காலம் அத்தோட ஓஞ்சிரும், வடகிழக்குக் காத்தும் நிலைச்சு பின்னால நின்னு தள்ளும். செயின்ட் லூசியா வரைக்கும் 2,700 கடல் மைல். நாளைக்கு 130 மைல் ஓடினா மூணு வாரம். ஆளுக்கு 3 லிட்டர் வீதம் நாலு பேருக்கு 250 லிட்டர் தண்ணி, அதுக்கு மேல கையிருப்பு. மிதவை, ஆபத்துன்னா செயற்கைக்கோளுக்குச் சேதி சொல்லுத பெட்டி, எல்லாம் இருக்கு. முட்டையைத் திருப்பித் திருப்பி வைக்கணும்னுகூட எழுதியிருக்கிய. பேஷ்!

பேரப்பிள்ளைய பேரைத்தான் தேடினேன். ‘உயிர்காப்பு அங்கி, சின்ன சைஸ், 2’ன்னு ஒரு வரி. அத்தோட சரி. பேத்திக்கு வயசு 16, பேரனுக்கு 14. ரெண்டும் உங்க நோட்டுல முட்டைக்கு அடுத்த சரக்கா இருக்குவ. முட்டையையாவது திருப்பி வைக்கிய.

‘பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரணும் மாமா, போன் மோகம் தீரணும்’னு சொன்னிய. அப்போ படகு உச்சியில அந்த இன்டர்நெட் தட்டு எதுக்கு? வானிலை பாக்கவா? ஆமா, கிரிக்கெட் ஸ்கோரும் வானிலைலதான வருது.

ஒரு குடும்பத்துக் கதை சொல்லுதேன், கேளுங்க. டூகல் ராபர்ட்சன்னு பழைய கப்பல் அதிகாரி, பிறகு மாட்டுப் பண்ணை வச்சிருந்தவரு. நீங்க கிளம்பப் போற அதே ஃபால்மவுத்ல இருந்துதான் 1971ல பிள்ளைகுட்டியோட ‘லூசெட்’ங்கிற பாய்க்கப்பல்ல கிளம்பினாரு. 1972 ஜூன் 15, கலாபகோஸ் தீவுக்கு மேற்கே ஓர்காத் திமிங்கிலம் இடிச்சு கப்பல் நிமிஷத்துல முழுகிட்டு. ஆறு பேரு ரப்பர் மிதவையில. பதினேழாம் நாள் அதுவும் போச்சு. பிறகு ஒரு சின்னப் படகுல ஆறு பேரும் முட்டியும் முட்டியும் இடிக்க உக்காந்து, மழைத்தண்ணியும் ஆமைக்கறியுமா பிழைச்சு, மொத்தம் 38 நாள் கழிச்சு ஜப்பான் சூரைமீன் கப்பல் கண்ணுல பட்டாவ. வீட்டம்மா லின் நர்ஸு. குடிக்கத் தகாத அழுக்குத் தண்ணியை வீணாக்காம எனிமாவா ஏத்தி உடம்பு காஞ்சிராமப் பாத்துக்கிட்டாவ. முட்டைகோஸ் வேண்டாம்னு சிணுங்குத நம்ம பேரன் காதுல இதைப் போட்டு வையுங்க.

பயமுறுத்தலே மாப்ளே. ஸ்பெயின், போர்ச்சுகல் கரையில 2020ல இருந்து அதே சாதித் திமிங்கிலம் பாய்ப்படகுச் சுக்கானைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கு. அது உங்க வழிதான். நான் சொல்ல வந்தது வேற. அந்த மிதவையில அப்பன் கட்டளையும் பிள்ளை வேடிக்கையுமா இருந்திருந்தா ஒரு வாரம் தாங்கியிருக்காது. மூத்தவன் டக்ளஸுக்கு 18 வயசு. பெரியவனும் சின்னவனும் முறை வச்சுத் தண்ணி இறைச்சாவ. அதான் மிதந்துது.

உங்க படகுலயும் முதல் மூணு நாள் கடல்மயக்கம் யாரைப் பிடிக்கும்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. படகை நடத்துத தண்டலையே பிடிச்சா? நீங்க வாளியைக் கட்டிப் பிடிச்சுக் கிடக்கையில பாயைச் சுருக்குறது யாரு? ரேடியோவுல பேசுறது யாரு? அதை விடுங்க, ராத்திரியில நீங்களே கடல்ல விழுந்துட்டிய. படகைத் திருப்பிக் கொண்டுவந்து உங்களைத் தூக்கணுமே, அது பேத்திக்குத் தெரியுமா? தெரிஞ்சாலும், அன்னைக்குக் காலையில நீங்க அவகூடச் சண்டை போடாம இருந்திருக்கணும்.

‘சின்னப் பிள்ளை மாமா’ம்பிய. நெதர்லாந்துல லாரா டெக்கர்னு ஒரு பிள்ளை, 2009ல 13 வயசுல தனியாவே உலகத்தைச் சுத்தப் போறேன்னு நின்னா. கோர்ட்டு குறுக்க விழுந்து தடுத்துது. அடுத்த வருஷம் விட்டாவ. 2012 ஜனவரியில சின்ட் மார்ட்டன் தீவுல வந்து சுத்தி முடிச்சா. அப்போ அவளுக்கு நம்ம பேத்தி வயசு.

அதனால ரெண்டு பேருக்கும் ஆளுக்கு மூணு மணி நேரக் காவல் கொடுங்க. முதல்ல பகல்ல, பழகினபிறகு ராத்திரியில. இடுப்பு வாரை மாட்டாம மேல வரக்கூடாது, தூரத்துல விளக்கு தெரிஞ்சா அப்பனை எழுப்பணும். ரெண்டே சட்டம் போதும். அந்த மூணு மணி நேரமும் நீங்க கீழ படுத்துத் தூங்கணும். ஒரு கண்ணைத் திறந்துக்கிட்டு இல்ல, நெசமாத் தூங்கணும். தூங்காத தண்டல் நாலாம் நாள் மேகத்தைப் பாத்துக் கரைம்பான்.

கிளம்புறதுக்கு முன்னால ஒரு பரீட்சை வையுங்க. ஒரு சனிக்கிழமை ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி பிரான்சு பக்கம் செர்பூர் வரைக்கும் போங்க. பேத்தி தண்டல், பேரன் சுக்கான், என் மக வழி பாக்கட்டும். நீங்க அடுப்படி. கேட்டாலொழிய வாயைத் திறக்கப்படாது. அவ்வளவுதான்.

முடிஞ்சா, தாராளமா அட்லாண்டிக்குக்குப் போங்க. முடியலைன்னாலும் பயணத்தை நிறுத்த வேண்டாம். அவங்க மூணு பேரும் கூட ஒரு நல்ல ஆளைப் பிடிச்சுக்கிட்டுப் போய்க்கிடட்டும். நீங்க விமானத்தைப் பிடிச்சு இங்க வந்துருங்க. எனக்கும் நாள் பூரா உத்தரவு போட்டுக்கிட்டே இருக்க ஒரு ஆள் தேவைப்படுது, உங்க அத்தையும் இப்போ காது கேக்கலைம்பா.